பச்சைக்கல் கடிகாரத்தின் மூன்று நிமிடம்

போன மாதம் சிவகாசியில் நான் வேலை பார்த்த அச்சகத்துக்குப் போயிருந்தேன். ஓய்வு பெற்று எத்தனையோ காலம் ஆகிவிட்டது. ஆனாலும் கடைத்தெருவுக்குக் கிளம்பினால் கால் தானாக அந்தப் பக்கம் திரும்பிவிடுகிறது. கம்ப்யூட்டர் அறைப் பிள்ளைகள் ஒரு கைக்கடிகார விளம்பரத்தை வைத்து மண்டையை உடைத்துக்கொண்டிருந்தார்கள். பழைய பாணியில் புதிதாகச் செய்த கடிகாரமாம். முகத்தில் எண்கள் இல்லை, வினாடி முள் இல்லை. முகம் முழுக்க ஒரே பச்சைக் கல்.

"ஐயா, இது நெசக் கல்லுதானா, இல்ல கலர் அடிச்சிருக்கானா?" என்று ஒரு பையன் கேட்டான்.

நான் கல்லைப் பார்க்கவில்லை. சாவி கொடுக்கும் குமிழ் எந்தப் பக்கம் இருக்கிறது என்றுதான் முதலில் பார்த்தேன். வலது பக்கம் இருந்தது. "சரியாத்தான் இருக்கு" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். பெரியவருக்குப் புத்தி எங்கேயோ போய்விட்டது என்று நினைத்திருப்பார்கள். முட்கள் பத்து மணி பத்து நிமிடத்தில் நின்றன. விளம்பரத்தில் எல்லாக் கடிகாரமும் அந்த நேரத்தில்தான் நிற்குமாம், பார்க்க அழகாக இருக்குமாம். நான் ஒரு காலத்தில் ஏழு மணி இருபத்துமூன்று நிமிடத்தில் ஒன்றை வரைந்தேன் என்றேன். "அது என்னய்யா கணக்கு?" என்றார்கள். அதற்குள் டீ வந்துவிட்டது, அவர்களும் வேலைக்குத் திரும்பிவிட்டார்கள். அங்கே சொல்ல வாய்க்காததை இங்கே எழுதுகிறேன்.

நான் அச்சகத்தில் சேர்ந்தது ஐம்பதுகளின் நடுவில். அப்போதெல்லாம் படம் கல்லில்தான் பிறக்கும். சந்தன நிறத்தில், கை வைத்தால் குளிரும் கனத்த பலகைக் கற்கள். வெளிநாட்டிலிருந்து கப்பலில் வந்தவை. அதன்மேல் எண்ணெய்ப் பசையுள்ள மையால் வரைந்து, தண்ணீர் தடவி, மை உருட்டி, தாளை வைத்து அழுத்தினால் படம் தாளுக்கு வந்துவிடும். வேலை முடிந்ததும் கல்லில் மணலும் தண்ணீரும் போட்டு இன்னொரு கல்லால் தேய்த்தால் பழைய படம் போய்விடும், அடுத்த படத்துக்குக் கல் தயார். முதல் இரண்டு வருடம் நான் தேய்த்தேன், அவ்வளவுதான். எத்தனையோ சாமிகளும் கிளிகளும் என் கையால் சேறாகி ஓடியிருக்கிறார்கள்.

அதன் பிறகு தலைகீழ்ப் பாடம் தொடங்கியது. கல்லில் வரைவது தாளில் இடம் வலமாகத் திரும்பி விழும். அதனால் எழுத்து, படம் எல்லாவற்றையும் கண்ணாடியில் தெரிவது போலத் திருப்பித்தான் வரைய வேண்டும். 'தீப்பெட்டி' என்பதை வலமிருந்து இடமாக, ஒவ்வொரு எழுத்தையும் புரட்டி, தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் எழுதும் வரைக்கும் விடமாட்டார்கள். ஒரு கட்டத்தில் எனக்கு உலகமே திரும்பிப் போனது. பஸ் போர்டைப் படிக்கத் தடுமாறுவேன். அப்பாவுக்கு ஒரு கடிதம் எழுதினேன். அவர் அதை ஊர் நாவிதர் கடைக்குக் கொண்டுபோய், அங்கே இருந்த பெரிய கண்ணாடிக்கு முன்னால் பிடித்துப் படித்திருக்கிறார். முடி வெட்ட வந்தவர்கள் எல்லோரும் என் குடும்ப விஷயத்தைத் தெரிந்துகொண்டார்கள்.

எங்களுக்குத் தலைமை ஓவியர் பிச்சையா அண்ணாச்சி. ஒல்லியான மனிதர். மடித்துக் கட்டிய வேட்டி மடிப்பில் எப்போதும் ஒரு சிறிய கைக்கண்ணாடி இருக்கும். யாரையும் ஏசமாட்டார். வரைந்துகொண்டிருக்கும்போது பின்னால் வந்து நிற்பார். வேலை சரியாக இருந்தால் நகர்ந்துவிடுவார். தப்பாக இருந்தால் அந்தக் கண்ணாடியை எடுத்து நம் கல்லுக்கு முன்னால் சாய்த்து வைத்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் காப்பிக் கடைக்குப் போய்விடுவார். அவர் திரும்பி வருவதற்குள் தப்பை நாமே கண்டுபிடித்திருக்க வேண்டும். ஒருமுறை ஒருவர் வரைந்த முருகன் இடது கையால் ஆசி கொடுத்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு அண்ணாச்சி இரண்டு காப்பி குடித்துவிட்டு வந்தார். கண்ணாடிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவருக்கு வியர்த்துக்கொட்டியது. ஏச்சு வாங்கியிருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது என்று பிறகு சொன்னார்.

ஒரு பொருளைப் பார்த்து வரைவதற்கு அண்ணாச்சி வைத்திருந்த முறை இது. பொருளை ஒரு மரச்சட்டத்தில் நிமிர்த்தி நிறுத்த வேண்டும். எதிரே கண்ணாடியை வைக்க வேண்டும். பொருளைப் பார்க்கக் கூடாது, கண்ணாடியை மட்டும் பார்த்து வரைய வேண்டும். அப்படிச் செய்தால் திரும்பியது தானாக வந்துவிடும், மண்டையைக் குழப்பிக்கொள்ள வேண்டியதில்லை. அறுபதுகளின் தொடக்கத்தில் எனக்குத் 'தனிக்கல்' கிடைத்தது. அதாவது, இன்னொருவர் போட்ட கோட்டுக்கு மை நிரப்பும் வேலை முடிந்து, ஒரு லேபிளை முழுதாக நானே வரையலாம். கல்யாணம் நிச்சயமானபோதுகூட அவ்வளவு சந்தோஷப்படவில்லை என்று என் மனைவி இன்றைக்கும் சொல்லிக்காட்டுவாள்.

அந்தத் தனிக்கல்லுக்கு முதலில் வந்த ஆர்டர்தான் வேலம்மாளுடையது.

வேலம்மாள் தாயில்பட்டிக்காரர். வீட்டுக்குப் பின்னால் கொட்டகை போட்டு, அக்கம்பக்கத்துப் பெண்களை வைத்துத் தீப்பெட்டி செய்துகொண்டிருந்தார். அதுவரை வேறொரு கம்பெனி லேபிளை ஒட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தவர், இனிமேல் சொந்த லேபிள் போடுவது என்று முடிவு செய்திருந்தார். முந்தானையிலிருந்து ஒரு தகர டப்பாவை எடுத்து, பஞ்சை விலக்கி அண்ணாச்சியிடம் காட்டினார்.

"கடியார மார்க்குன்னு போடணும் அண்ணாச்சி. இந்தக் கடியாரந்தான் வேணும். முள்ளு இப்ப எப்பிடி இருக்கோ அப்பிடியே இருக்கணும்."

நான் எட்டிப் பார்த்தேன். பார்த்த கண்ணை எடுக்க முடியவில்லை. மெல்லிய தங்க நிற வளையத்துக்குள் கரும்பச்சைக் கல். அதில் இளம்பச்சையில் வளைவு வளைவாகக் கோடுகள், கண்மாயில் கல்லெறிந்தால் விரியும் அலைபோல ஒன்றுக்குள் ஒன்று. எண் இல்லை, எழுத்து இல்லை. கல்லின்மேல் இரண்டே இரண்டு மெல்லிய முட்கள். ஏழு இருபதில் நின்றிருந்தன.

"ஓடலியாம்மா?" என்று அண்ணாச்சி கேட்டார்.

"ஓடாது. சாவி குடுக்காதீக."

பிறகு அவரே சொன்னார். அவர் கணவர் கொழும்பில் ஒரு கடையில் பல வருடம் கணக்கப்பிள்ளை. ஊருக்குத் திரும்பிப் போன ஒரு வெள்ளைக்காரர் அவருக்குப் பிரியமாகக் கொடுத்த கடிகாரம் அது. தினமும் குளித்துவிட்டு வந்ததும் சாவி கொடுப்பாராம். ஒரு நாள் அப்படிச் சாவி கொடுத்துக் கட்டிக்கொண்டு கடைக்குப் போனவர், மதியம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார், எழுந்திருக்கவில்லை. கூட வேலை பார்த்தவர் கடிகாரத்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கப்பலேறி, தனுஷ்கோடியில் இறங்கி, ரயிலில் விருதுநகர் வந்து சேர்ந்து, இவர் கையில் கொடுத்தார். கொடுக்கும்போது அது நின்றிருந்தது. கடலில் நின்றதா, ராமநாதபுரம் மணலைத் தாண்டும்போது ரயிலில் நின்றதா, யாருக்கும் தெரியாது.

"அவுக கடைசியா சாவி குடுத்தது. அதான் அப்பிடியே வச்சிருக்கேன்" என்றார் வேலம்மாள். குரலில் அழுகை இல்லை. நான்தான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன், மை பட்டுவிட்டதுபோல.

மறுநாள் வேலையைத் தொடங்கினேன். கடிகாரத்துக்கு ஒரு கல், பின்னணிக்கு ஒரு கல், எழுத்துக்கு ஒரு கல். எழுத்து வேறொருவர் பொறுப்பு, கடிகாரம் என் பொறுப்பு. மதியச் சாப்பாட்டு நேரம். மிஷின்களை நிறுத்திவிட்டு எல்லோரும் வேப்பமரத்தடிக்குப் போயிருந்தார்கள். எனக்கு அந்தப் பச்சையைத் தனியாக இருந்து பார்க்க வேண்டும்போல இருந்தது. டப்பாவைத் திறந்து, சட்டத்தில் நிமிர்த்தி நிறுத்துவதற்காக அதைக் கையில் தூக்கினேன்.

விரலுக்குள் ஏதோ துடித்தது.

நான் சாவி கொடுக்கவில்லை. குமிழைத் தொடவே இல்லை. நின்றுபோன கடிகாரத்தின் சுருளில் கொஞ்சம் முறுக்கு மிச்சம் இருக்குமாம், குலுங்கினால் சிறிது நேரம் ஓடுமாம். கடிகாரம் பழுது பார்க்கும் ஒருவர் பின்னாளில் சொன்னார். அன்றைக்கு எனக்கு அது எங்கே தெரியும்? உயிரே போய்விட்டது. பொத்தென்று வைத்தால் இன்னும் ஓடுமோ என்று பயந்து, பூப்போல என் கல்லின்மேல் படுக்க வைத்தேன். அது நிற்கவில்லை. வினாடி முள் இல்லாததால் ஓடுவது கண்ணுக்குத் தெரியவில்லை. காதைக் கல்லில் வைத்தேன். கனத்த கல் அந்தச் சத்தத்தை அப்படியே வாங்கிக் கொடுத்தது. டிக்டிக்டிக் என்று அவசரமில்லாத, ஆனால் விடாத சத்தம். கல்லின் குளிர்ச்சி கன்னத்தில் ஏற, ஒரு கண்ணால் அந்தப் பச்சை வளையங்களைப் பார்த்தபடி கிடந்தேன். கொழும்புக் கடற்கரையில் ஒருவர் குளித்துவிட்டு வந்து, தலையைத் துவட்டிக்கொண்டே, கட்டை விரலாலும் ஆள்காட்டி விரலாலும் குமிழைத் திருகுவது எனக்குத் தெரிந்தது. நான் கடலையே பார்த்ததில்லை. ஆனாலும் தெரிந்தது.

பிறகு சத்தம் நின்றுவிட்டது. நிமிர்ந்து பார்த்தேன். ஏழு இருபத்துமூன்று.

அந்தப் பெண் வருஷக்கணக்காகப் பஞ்சில் பொதிந்து வைத்திருந்ததில் மூன்று நிமிடம் என் கையில் தீர்ந்துபோயிருந்தது. முள்ளைப் பின்னால் திருப்பி வைக்கலாம் என்று தோன்றியது. குமிழைத் தொடக் கை வரவில்லை. யாரிடமாவது சொல்லலாம் என்று தோன்றியது, வாய் வரவில்லை. ஒன்று மட்டும் முடிவு செய்தேன். இனி அதை அசைக்கக் கூடாது. சட்டம் வேண்டாம், கண்ணாடி வேண்டாம். படுத்திருக்கிறபடியே பார்த்து, மனதுக்குள் திருப்பி வரைந்துகொள்ளலாம். அவ்வளவு எழுத்தைத் திருப்பி எழுதிய கை, இதைத் திருப்பாதா?

திருப்பவில்லை. இன்றுவரை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. எழுத்தைக் கண்டால் என் கை தானாகத் திரும்பும். அந்த முகத்தில் ஓர் எழுத்துக்கூட இல்லையே. நான்கு நாள் அந்தப் பச்சைக்குள்ளேயே கிடந்தேன். காது முழுக்க அந்தச் சத்தம். வளையம் வளையமாக, என்ன பார்த்தேனோ அதை அப்படியே நேராக வரைந்தேன். முள்ளை மட்டும் அந்த அம்மா கொண்டுவந்தபடி ஏழு இருபதில் வைத்தேன். என் வாழ்நாளில் அதைவிட நல்ல வேலை செய்ததில்லை, அதைவிடப் பெரிய தப்பும் செய்ததில்லை.

கடிகாரத்தை அலுங்காமல் பஞ்சுக்குள் வைத்து டப்பாவை மூடினேன். முதல் தாள் வந்தது. அண்ணாச்சி எழுத்தைப் பார்த்தார், சரி. நிறம் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தியதா என்று பார்த்தார், சரி. "கடியாரத்த எடு, ஒத்துப் பாப்போம்" என்றார்.

"நான் நல்லாப் பாத்துட்டேன் அண்ணாச்சி" என்றேன். டப்பாவைத் திறந்தால் ஏழு இருபத்துமூன்று தெரிந்துவிடுமே.

 முதல் தனிக்கல், மனசு நோக வேண்டாம் என்று அண்ணாச்சி என் பேச்சை நம்பினார். மிஷின் ஓடியது. ஆர்டர் முழுவதும் அச்சாகித் தாள்கள் காயும் தட்டிகளில் ஏறின.

வேலம்மாள் வந்த அன்று நல்ல வெயில். அண்ணாச்சி ஒரு தாளை எடுத்துப் பெருமையாக நீட்டினார். அவர் வாங்கிப் பார்த்தார். முகம் மாறியது.

"இது எங்க வீட்டுக் கடியாரம் இல்லையே அண்ணாச்சி."

"அதேதாம்மா. அந்தக் கல்லு ரேகைகூட அப்பிடியே வந்திருக்கு பாருங்க."

"ரேகை இருக்கு. முள்ளு அந்தப் பக்கம்லா சாஞ்சிருக்கும்? இது இந்தப் பக்கம் சாஞ்சிருக்கு."

"நீங்க கொண்டாந்தப்ப மணி என்னம்மா காட்டுச்சு?"

"எனக்கு மணி பாக்கத் தெரியாது அண்ணாச்சி. பாத்துப் பாத்து மனசுல இருக்கு. இது அது இல்ல."

அச்சகத்தில் மணி பார்க்கத் தெரிந்த இத்தனை ஆண்கள் பார்த்துச் சரி என்று சொன்ன படத்தை, மணி பார்க்கத் தெரியாத ஒருவர் ஒரே பார்வையில் தள்ளிவிட்டார். எங்களுக்கு அது ஏதோ ஒரு நேரம். அவருக்கு அது ஒரு முகம். அண்ணாச்சி பேசாமல் மடிப்பிலிருந்து கண்ணாடியை எடுத்துத் தாளுக்கு எதிரே பிடித்தார். கண்ணாடிக்குள் ஏழு இருபது. தாளில் இருந்தது நாலு நாற்பது, குமிழும் இடது பக்கம்.

"இந்தா, இதுதான்" என்று கண்ணாடியைத் தொட்டார் வேலம்மாள்.

அண்ணாச்சி என் பக்கம் திரும்பினார். தப்புச் செய்த ஒருவரை அவர் வாயைத் திறந்து கேள்வி கேட்டதை அன்றுதான் பார்த்தேன்.

"ஏலே சண்முகம், கண்ணாடி வைக்கலியா?"

"இல்ல அண்ணாச்சி."

"ஏன் வைக்கல?"

சொன்னால் என் தப்புக்கு ஒரு காரணம் கிடைக்கும். ஆனால் அந்த அம்மாவிடம் இருந்த ஒன்று தீர்ந்துவிட்டது என்று அவர் காதுபடச் சொல்ல வேண்டும். தலையைக் குனிந்துகொண்டேன்.

"சரி, பேனாவக் கீழ வை. நாளையிலருந்து கல்லு தேய்க்கப் போ" என்றார். கோபமே இல்லாத குரலில் சொன்னார். தனிக்கல் அதோடு போயிற்று என்று நினைத்தேன்.

அண்ணாச்சி தகர டப்பாவை எடுத்து வேலம்மாளிடம் கொடுத்தார். அவர் பஞ்சை விலக்கினார். வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். நாலு நாற்பதைக் கண்டுபிடித்த கண்ணுக்கு மூன்று நிமிடம் தெரியாமல் போகுமா?

தலையைத் தூக்கி, வேறு யாரையும் பார்க்காமல், நேராக என்னைப் பார்த்தார்.

"ஓடுச்சா தம்பி?"

"ஓடுச்சும்மா. நான் சாவி குடுக்கல. சத்தியமா குடுக்கல. நிமித்தி வைக்கக் கையில எடுத்தேன், அதுவா ஓடுச்சு. மூணு நிமிசம். அதுக்கப்புறம் அசைக்கவே பயந்துதான் கண்ணாடி வைக்கல..." அழுதுவிட்டேன்.

ஏசுவார் என்று நினைத்தேன். ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"சத்தம் கேட்டுச்சா?" என்றார்.

"கேட்டுச்சும்மா."

"எப்பிடிக் கேட்டுச்சு? என் கைக்கு வரும்போது நின்னுபோயிருச்சு தம்பி. நான் கேட்டதே இல்ல."

எனக்கு அதை வாயால் சொல்லத் தெரியவில்லை. பக்கத்தில் தேய்த்துக் காய வைத்திருந்த வெற்றுக் கல் ஒன்று கிடந்தது. அதன் முன்னால் உட்கார்ந்து, ஆள்காட்டி விரல் நகத்தால் தட்டினேன். நான்கு நாளாகக் காதில் ஓடிய அதே கதியில், மெல்ல, விடாமல். வேலம்மாள் குனிந்து காதைக் கல்லில் வைத்தார். அண்ணாச்சி கையைக் காட்ட, மிஷினை நிறுத்திவிட்டார்கள். எவ்வளவு நேரம் தட்டினேன் என்று எனக்குத் தெரியாது. அண்ணாச்சி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றிருக்கிறார். மூன்று நிமிடம் ஆனதும் என் தோளில் கை வைத்தார், நிறுத்தினேன்.

வேலம்மாள் நிமிர்ந்து கன்னத்தைத் துடைத்துக்கொண்டார். கல்லின் ஈரம் கொஞ்சம், கண்ணீர் கொஞ்சம்.

"திருப்பிப் போடுவீகள்ல, அப்ப இப்ப இருக்கிற மாதிரியே போடுங்க" என்றார். "அந்த மூணு நிமிசமும் அவுக சாவி குடுத்ததுதான. அதை ஏன் விடணும்?"

டப்பாவை மூடி மறுபடியும் என் கையிலேயே கொடுத்துவிட்டுப் போனார்.

மறுநாள் கல் தேய்க்கத்தான் போனேன். நேராக வரைந்த அந்தப் பச்சையை நானே மணல் போட்டுத் தேய்த்து அழித்தேன். அது சுத்தமானதும் அண்ணாச்சி வந்து, கீழே வைத்த பேனாவை எடுத்து என் காதில் செருகினார். கடிகாரத்தை அசைக்காமல் கல்லின் ஓரத்தில் படுக்க வைத்தோம். எதிரே தன் கைக்கண்ணாடியைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு அவரே உட்கார்ந்தார். நான் வரைந்து முடிக்கும்வரை, நாள் முழுக்க, கை மாற்றி மாற்றிப் பிடித்தார். காப்பிக் கடைக்குப் போகவில்லை.

அந்த லேபிள் ரொம்ப வருஷம் ஓடியது. ஏன் இப்படி ஒரு நேரம், ஓவியர் தூங்கி விழுந்துட்டாரா என்று கேலி செய்தவர்கள் உண்டு. நானும் ஆமாம் என்று சொல்லிவிடுவேன். கம்ப்யூட்டர் பிள்ளைகளுக்கு மட்டும் இதைச் சொல்லிவிடுகிறேன். ஏழு இருபது வரை வேலம்மாளின் கணவர் கொடுத்த சாவியில் ஓடியதை யார் கேட்டார்கள் என்று எனக்குத் தெரியாது. மிச்ச மூன்று நிமிடத்தை நான் கேட்டேன், என் நகத்தின் வழியாக அவர் மனைவியும் கேட்டார்.